பூசணத்துக்கும் காய்ச்சல் வரும்!

எங்கள் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே துணி வெளுக்கிறவர்களால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கப்பலேறப் போகிற துணிகளை இந்தப் பக்கத்தில்தான் வெளுத்துக் காயப்போட்டார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால், ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் கதையே வேறு. ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகள்... ஈரம் போக வழியே கிடையாது. பீரோவுக்குள் இருக்கிற லெதர் பெல்ட்டில் ஆரம்பிக்கும். அப்புறம் ஷூ, ஊறுகாய் ஜாடி, கல்யாண ஆல்பம் என்று ஒன்று விடாமல் பூசணம் பூத்துவிடும். எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு எடுத்த பிளெய்ன் சட்டை கார்த்திகைக்குள் புள்ளி போட்ட சட்டை ஆகிவிடும்!

"எல்லாருக்கும் காய்ச்சல் வருது, ஜலதோஷம் வருது. இந்தப் பூசணத்துக்கு ஒண்ணும் வராதா?" என்று என் மனைவி ஆல்பத்தைத் துடைத்தபடி ஒருநாள் அலுத்துக்கொண்டாள். நான் பி.எஸ்ஸி. பாட்டனி படித்துவிட்டு, பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் பில் போட்டுக்கொண்டிருப்பவன். படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லாத லட்சக்கணக்கான வாலிபர்களில் ஒருவன். எப்போதாவது இப்படி ஒரு கேள்வி வந்தால்தான் டிகிரிக்கே வேலை!

வரும். பூசணத்துக்கும் காய்ச்சல் வரும். அதுவும் சும்மா இல்லை, வைரஸ் காய்ச்சல்!

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் பூஞ்சை, வீட்டில் பூசணம், தட்டில் மசாலாவோடு வந்தால் காளான்... மூன்றும் ஒரே ஜாதி. (ரோட்டுக்கடைக் காளானில் முக்கால்வாசி முட்டைகோஸ் என்பது வேறு விஷயம்.) செடியும் இல்லை, மிருகமும் இல்லை. நூல் நூலாக வளரும். நுனியில் வித்துக்களைப் போட்டு ஊதிவிடும். இந்த நூலுக்குள்ளே குடியிருக்கிற வைரஸ்கள் ஏராளம்.

ஆல்பம் பூசணம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் ரிச்சர்ட் ஷோப் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பன்றிக்காய்ச்சல் வைரஸை 1931-லேயே கண்டுபிடித்துச் சொன்ன பெரிய மனிதர். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் கடற்படையோடு பசிபிக் கடலில் குவாம் தீவில் இருந்தார். குவாம் எப்படிப்பட்ட இடம் தெரியுமோ? வருஷம் முழுக்க வண்ணாரப்பேட்டை ஐப்பசிதான். கூடவே எடுத்துப் போயிருந்த தம் மனைவி ஹெலனின் போட்டோவின் மேலுறையில் பூசணம் படர்ந்துவிட்டது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? துடைப்போம். போட்டோவைப் பார்த்து நாலு பெருமூச்சு விடுவோம். அவர் அதைச் சுரண்டி எடுத்து வளர்த்தார்! அதிலிருந்து எடுத்த சாறு, மூளையைத் தாக்கும் ஒரு வைரஸிடமிருந்து சுண்டெலிகளைக் காப்பாற்றியது. 1953-ல் அதை வெளியிட்டபோது மருந்துக்கு அவர் வைத்த பெயர், ஹெலனின்! பெண்டாட்டி போட்டோவில் பூசணம் பிடித்ததற்குத் திட்டு வாங்காமல், அதையே பரிசாக மாற்றிய ஒரே புருஷன் உலகத்தில் இவராகத்தான் இருக்கும்.

இனிமேல்தான் வேடிக்கை. பூசணத்தின் சாறு எப்படி வைரஸை விரட்டுகிறது என்று பதினாலு வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை. 1967-ல் மெர்க் கம்பெனியில் மாரிஸ் ஹில்மன் குழுவினர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். சாற்றில் வேலை செய்தது ரெட்டை இழை ஆர்.என்.ஏ. பூசணத்திடம் இவ்வளவு ரெட்டை இழைக்கு என்ன வேலை? அடுத்த வருஷமே இங்கிலாந்தில் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, இந்த மாதிரிப் பூசணங்களுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகளாக வைரஸ்! அந்த ஆர்.என்.ஏ. பூசணத்தின் சொத்தே இல்லை, அதற்குள் குடியிருந்த வைரஸின் சொத்து. அதைப் பார்த்ததும் நம் உடம்பு, 'ஐயோ, வைரஸ் வந்துவிட்டது' என்று அலறி இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கிறது. போலீஸ் வருவதற்கு முன்னால் சைரனை மட்டும் அடித்தால் பிக்பாக்கெட் ஓடுவான் அல்லவா, அந்தக் கதைதான். ரெட்டை இழை ஆர்.என்.ஏ. மனித உடம்புக்குக் கொஞ்சம் முரட்டு மருந்து என்பதால் ஹெலனின் மெடிக்கல் ஷாப்புக்கு வரவில்லை. பெனிசிலின் தருகிற பூஞ்சைக்குள்ளும் வைரஸ் இருக்கிறது என்று அதே காலத்தில் தெரிந்தது. அது பாட்டுக்கு இருக்கிறது, இது பாட்டுக்கு பெனிசிலின் சுரக்கிறது. ஒண்டுக் குடித்தனம் மாதிரி ஒரு சச்சரவும் இல்லை. பெரும்பாலான பூஞ்சை வைரஸ்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் காலம் தள்ளுகின்றன.

சச்சரவு வருகிற இடங்கள்தான் நமக்கு முக்கியம்.

* * *

எதிர் வீட்டில் ஒரு தம்பி. எண்ணூர் பக்கம் வேலை பார்த்த இடத்தில் ஆள் குறைத்தபோது இவனும் வெளியே வந்தான். மனைவியின் வளையலை அடகு வைத்து, திருவொற்றியூரில் மாமனார் வீட்டு மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, சிப்பிக் காளான் வளர்க்க ஆரம்பித்தான். வைக்கோலை வேகவைத்து, பாலிதீன் பையில் அடுக்கடுக்காக வித்து தூவி, உருளை உருளையாகத் தொங்கவிடுவது. முதல் இரண்டு தடவை நல்ல அறுவடை. மூன்றாவது தடவை என்னிடம் ஒரு காளானைக் கொண்டுவந்து நீட்டினான். தண்டு நீளமாக, தலை பட்டன் அளவுக்கு.

"இன்னா சார் இது, குச்சி மாதிரி நிக்குது? யாரோ வைரஸ்னு சொல்றாங்களே. காளானுக்குக்கூட வைரஸா?"

அவனுக்குச் சொன்ன கதை இது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் லா ஃபிரான்ஸ் சகோதரர்கள் என்று காளான் பண்ணைக்காரர்கள். 1948 வாக்கில் அவர்கள் பண்ணையில் மொட்டுக் காளான்கள் திடீரென்று கோணல்மாணலாக வந்தன. தண்டு நீளும், தலை சிறுக்கும், வயசுக்கு முன்னாலேயே குடை விரிந்துவிடும். சில படுக்கைகளில் ஒன்றுமே முளைக்காது. பாவம், அந்த வியாதிக்கே அவர்கள் பெயரை வைத்துவிட்டார்கள்! பிறகு இங்கிலாந்திலும் வந்தது. 1962-ல் லிட்டில்ஹாம்ப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் ஹோலிங்ஸ் என்பவர், நோய் பிடித்த காளானுக்குள் வைரஸ் இருப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார். பூஞ்சைக்குள் வைரஸ் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்ததே அப்போதுதான். ஹெலனின் ரகசியம் வெளியாவதற்கு ஐந்து வருஷம் முன்னால்.

நம் ஜலதோஷ வைரஸ் தும்மலில் பறந்து வரும். பூஞ்சை வைரஸில் பெரும்பாலானவைக்கு வெளியுலகமே தெரியாது. ஒரு பூஞ்சை நூல் இன்னொரு நூலோடு ஒட்டி ஒன்றாகும்போது உள்ளுக்குள்ளேயே நழுவிப் போகும். இல்லாவிட்டால், வித்துக்குள் உட்கார்ந்து சவாரி செய்யும். லா ஃபிரான்ஸ் நோயில் அதுதான் ஆபத்து. நோயாளிக் காளான் குடையை விரித்து வித்து கொட்டினால் பக்கத்துக் கொட்டகையும் காலி. பண்ணைக்காரர்கள் குடை விரியும் முன்பே காளானைப் பறித்துவிடச் சொல்வதற்கும், ஒரு பயிர் முடிந்ததும் கொட்டகையை ஆவியால் சுடவைப்பதற்கும் காரணம் இது. 1996-ல் இங்கிலாந்தில் இன்னொரு வைரஸ் தலையெடுத்தது. படுக்கையில் அங்கங்கே சொட்டை விழுந்த மாதிரிக் காலி இடம், வெள்ளைக் காளான் பழுப்பாக மாறுவது என்று புதுப் புது அடையாளங்கள். நம் தம்பி வளர்க்கிற சிப்பிக் காளானையும் விடவில்லை. கொரியாவில் அதற்கும் வைரஸ் வந்து விளைச்சலைக் கெடுத்திருக்கிறது.

"அப்போ என் கொட்டாய் காலியா சார்?" என்று அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

அவசரப்படாதே என்றேன். நீளத் தண்டு, சின்னத் தலைக்கு வேறொரு சாதாரணக் காரணமும் உண்டு. மூச்சு முட்டினாலும் காளான் அப்படித்தான் வரும். காளான் நம்மைப் போலவே பிராணவாயுவை இழுத்துக் கரியமில வாயுவை விடும். கொட்டகையில் காற்றோட்டம் இல்லையென்றால் கரியமில வாயு தேங்கி, காளான் கழுத்தை நீட்டி வெளிக்காற்றைத் தேடும். நேரில் போய்ப் பார்த்தேன். மழைச் சாரல் அடிக்கிறதென்று நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு இறுக்கியிருந்தான். உள்ளே நுழைந்தால் கூட்டமான மின்சார ரயில் பெட்டி மாதிரி இருந்தது! தார்ப்பாயைத் தூக்கிவிட்டு ஈரச் சாக்கு கட்டினோம். அடுத்த அறுப்பில் தலை தேறியது. ஆனாலும் வித்து விஷயத்தில் அவனை எச்சரித்தேன். போன படுக்கையிலிருந்தே கொஞ்சம் எடுத்து அடுத்ததற்கு வித்தாகப் போட்டுக் காசை மிச்சப்படுத்தலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தான். உள்ளே வைரஸ் இருந்தால் அதையும் சேர்த்து வளர்க்கிற வேலை அது. நல்ல இடத்தில் புது வித்து வாங்குவதில் கருமித்தனம் கூடாது. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறான்.

* * *

காளான்காரனுக்கு வில்லனாகிற இதே வைரஸ், மரம் வளர்க்கிறவனுக்கு ஹீரோ!

1904-ல் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில், ஹெர்மன் மெர்க்கெல் என்ற அதிகாரி அங்கிருந்த செஸ்ட்நட் மரங்கள் பட்டை வெடித்துச் சாவதைப் பார்த்தார். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை. பட்டைக்குள் புகுந்து மரத்தின் கழுத்தை நெரிக்கும். ஆரஞ்சு நிறக் கட்டி கட்டியாக வித்து தள்ளும். 1950-க்குள் அமெரிக்காவில் சுமார் 400 கோடி மரங்கள் காலி. தப்பில்லை, கோடிதான்! காட்டுக்காரர்கள் வீடு கட்டிய மரம், தொட்டில் செய்த மரம், சவப்பெட்டி செய்த மரம் எல்லாம் அதுதான்.

அதே பூஞ்சை 1938-ல் இத்தாலியில் ஜெனோவா பக்கம் தலைகாட்டியது. ஐரோப்பாவும் போச்சு என்று தலையில் கை வைத்தார்கள். ஆனால், 1950-களின் தொடக்கத்தில் பிராகி என்ற இத்தாலிய நிபுணர் ஒரு அதிசயத்தைப் பார்த்தார். சில மரங்களில் புண் தானாகவே ஆறிக்கொண்டிருந்தது. 1960-களில் பிரான்ஸின் ஜான் கிராந்த் அந்தப் புண்ணிலிருந்து பூஞ்சையை எடுத்து வளர்த்தார். ஆரஞ்சாக இருக்க வேண்டியது வெள்ளை வெளேரென்று இருந்தது. சோகை பிடித்த மாதிரி. வித்தும் சொற்பம். இந்த நோஞ்சானை ஆரோக்கியமான பூஞ்சையோடு சேர்த்து வைத்தால் அதுவும் நோஞ்சான் ஆகிவிட்டது. 1970-களில் காரணம் பிடிபட்டது. ரெட்டை இழை ஆர்.என்.ஏ., அதாவது வைரஸ்!

இந்த வைரஸ் ஒரு சட்டை கூடப் போட்டுக்கொள்வதில்லை. மற்ற வைரஸ்களுக்கு இருக்கிற புரத உறை இதற்குக் கிடையாது. வெறும் 12,700 எழுத்துள்ள ஒரு ஆர்.என்.ஏ. சுருள். அது பூஞ்சையின் உயிரை எடுப்பதில்லை. பூஞ்சையின் செல்லுக்கு வெளியே நடப்பதை உள்ளே தெரியப்படுத்தும் தபால்காரன் மாதிரி ஒரு புரதம் உண்டு. அதன் அளவை இறக்கிவிடுகிறது. டொனால்ட் நஸ் குழுவினர் 1990-களில் இதைக் காட்டினார்கள். தபால் நின்றுபோனதும் பூஞ்சைக்கு எதிலும் பிடிப்பில்லை. நிறம் போகிறது, மரத்தைத் துளைக்கும் வேகம் போகிறது, வித்து குறைகிறது, ஜோடி சேர்ந்து பிள்ளை பெறுகிற சாமர்த்தியமும் போகிறது. பென்ஷன் வாங்கிய ரவுடி மாதிரி உயிரோடு மட்டும் இருக்கும். மரம் அந்த இடைவெளியில் புண்ணைச் சுற்றித் தோல் வளர்த்துக்கொள்கிறது. பிரான்ஸில் விவசாயிகள் புண்ணைச் சுற்றி ஓட்டை போட்டு, வைரஸ் பிடித்த பூஞ்சையைக் களிம்பு மாதிரி அடைத்தே தோப்புகளைக் காப்பாற்றினார்கள்.

சரி, அமெரிக்காவிலும் அதையே செய்ய வேண்டியதுதானே? செய்தார்கள். பலிக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஜாதகப் பொருத்தம்! இரண்டு பூஞ்சை நூல்கள் ஒட்ட வேண்டுமென்றால் சில மரபணுக்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தொட்ட இடத்தில் செல்கள் செத்து, நடுவே சுவர் எழும்பிவிடும். வைரஸ் அந்தப் பக்கம் போகவே முடியாது. ஐரோப்பாவில் இந்தப் பூஞ்சைக்குக் கோத்திரங்கள் குறைச்சல், சம்பந்தம் சுலபம். அமெரிக்காவில் கோத்திரங்கள் ஏகப்பட்டது. எந்தக் காட்டில் பார்த்தாலும் பத்துப் பொருத்தத்தில் ஒன்று இடித்தது. நஸ் குழு இதற்கும் ஒரு வழி யோசித்தது. வைரஸின் நகலைப் பூஞ்சையின் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே சொருகி, 1992-ல் அந்தப் பூஞ்சையை நோஞ்சானாக்கிக் காட்டினார்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கலாம், பிறக்கிற பிள்ளை சீதனத்தோடு பிறந்தால் யார் தடுப்பது? சோதனைச் சாலையில் ஜோராக நடந்தது, காட்டில் பரவத்தான் இல்லை. செஸ்ட்நட் அங்கே இன்றும் வேரிலிருந்து துளிர்த்துத் துளிர்த்துச் சாகிறது.

* * *

இதற்குள் ஒரு சின்ன ஊர்வலம். ஈஸ்ட் என்பதும் பூஞ்சைதான். பிரெட்டை உப்பவைப்பது அது. 1963-ல் பெவன், மக்கோவர் என்ற இருவர் சில ஈஸ்ட்டுகள் பக்கத்து ஈஸ்ட்டுகளைக் கொல்வதைக் கண்டார்கள். விஷத்தைத் தயாரிப்பது உள்ளே இருக்கிற வைரஸ் கூட்டணி. விஷத்துக்கு மாற்று மருந்தும் அதே இடத்தில்தான். வைரஸைத் துரத்திவிட்டால் ஈஸ்ட்டுக்குப் பாதுகாப்பு போச்சு, பக்கத்து வீட்டுக்காரன் விஷத்திலேயே செத்துவிடும். மாமூல் கொடுத்தால்தான் கடை நடத்தலாம் என்கிற மாதிரி ஏற்பாடு! (சினிமாக்காரர்கள் இதையெல்லாம் வடசென்னையில் மட்டுமே படம் பிடிப்பது அநியாயம்.)

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள். அங்கே 65 டிகிரி செல்சியஸ் மண்ணில் ஒரு புல் வளர்கிறது. சித்திரை வெயிலில் நம் தார் ரோட்டில் வேர் விட்ட மாதிரி. புல்லுக்குள் ஒரு பூஞ்சை, பூஞ்சைக்குள் ஒரு வைரஸ். 2007-ல் மரிலின் ரூசிங்க் உள்ளிட்டவர்கள் வைரஸை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். சூட்டில் புல்லும் பூஞ்சையும் சேர்ந்தே வாடின. வைரஸைத் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி தாக்குப்பிடித்தன. மாமியார், மருமகள், மகன் மூன்று பேரும் ஒற்றுமையாக இருக்கிற வீடு இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

நம் தலைக்கும் வருவோம். பொடுகுக்குக் காரணமான மலசேசியா பூஞ்சைக்குள்ளும் வைரஸ் இருப்பதை 2020-ல் கொரியாவிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடித்தார்கள். கறுப்புச் சட்டை போட்டு இன்டர்வியூவுக்குப் போய்த் தோளைத் தட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே, அது வெறும் பொடுகு இல்லை, ஒரு ஜனசமூகம்!

* * *

சோறு விஷயத்துக்கு வருகிறேன். நெல்லில் குலைநோய் என்று ஒன்று. இலையில் கண் மாதிரிப் புள்ளி விழும், கதிரின் கழுத்தைக் கருக்கிப் பதராக்கிவிடும். 1919-ல் தஞ்சாவூர் ஜில்லாவில் பெரிய அளவில் அடித்து, அன்றைய சென்னை ராஜதானியையே கலங்கவைத்தது. அதற்கும் காரணம் பூஞ்சைதான். இன்றைக்கும் பனி விழுகிற மாதங்களில் டெல்டாக்காரர்கள் மருந்து டப்பாவோடு வயலில் நிற்கிறார்கள். கடன் வாங்கி அடிக்கிற மருந்து. பூஞ்சையும் சும்மா இல்லை, மருந்துக்குப் பழகிக்கொள்ளப் பார்க்கிறது. இந்தக் குலைநோய்ப் பூஞ்சைக்கு ஒரு வைரஸ் உண்டு என்று 2010-ல் ஜப்பானியர்கள் சொன்னார்கள். வியட்நாம் வயலில் எடுத்த பூஞ்சையில் கிடைத்தது. அது பிடித்த பூஞ்சை ஒழுங்காக வளராமல், நிறம் கெட்டு, திட்டுத் திட்டாகச் சிதைகிறது. அதே வருஷம் சீனாவில் வூஹான் விவசாயப் பல்கலைக்கழகத்தார், கடுகு இனத்தைச் சேர்ந்த எண்ணெய்ப் பயிரின் தண்டை அழுகவைக்கும் பூஞ்சைக்குள் ஒரு டி.என்.ஏ. வைரஸைப் பிடித்தார்கள். பூஞ்சை வைரஸ் என்றால் ஆர்.என்.ஏ.தான் என்றிருந்த நம்பிக்கையைத் தகர்த்த வைரஸ் இது. பொருத்தம் கிருத்தம் எதையும் பார்க்காமல் வெளியிலிருந்தே பூஞ்சைக்குள் நுழைந்துவிடும்! அதோடு, காளான் ஈ ஒன்று இதைச் சுமந்துபோய்ப் பரப்புவதையும் 2016-ல் காட்டினார்கள். 2020-ல் அவர்கள் வெளியிட்டதுதான் உச்சம். வைரஸ் பிடித்த அந்தப் பூஞ்சையைப் பயிரின் மேல் தெளித்தால், கொலைகாரப் பூஞ்சை செடிக்குள் சாதுவாகக் குடியிருந்து, நோயைக் குறைத்து விளைச்சலையும் கூட்டிவிட்டது.

எதிர் வீட்டுத் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு ஈயின் மேல்தான் கோபம். "நான் கொட்டாயில ஈ மொய்க்காம இருக்க வலை கட்டிக்கினு கிடக்கறேன். அங்க ஈயை வச்சு வைத்தியமா? நல்லா இருக்கு சார் நியாயம்!"

அவன் சந்தேகப்படுவதிலும் அர்த்தம் இருக்கிறது. வைரஸ் எல்லா இடத்திலும் பூஞ்சையை நோஞ்சான் ஆக்குவதில்லை. நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளுக்கு எமன். நம் செல்லும் பூஞ்சையின் செல்லும் ஓரளவு ஒரே மாதிரி இருப்பதால், அதைக் கொன்று நம்மை விடுகிற மருந்துகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். 2025-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகக் குழு, இந்தப் பூஞ்சையின் ஒரு ரகத்துக்குள் இருந்த வைரஸைப் பற்றி எழுதியது. அங்கே கதை தலைகீழ். வைரஸ் இருக்கிற பூஞ்சைதான் சூட்டையும் உடம்பின் எதிர்ப்பையும் நன்றாகத் தாங்கி, சுண்டெலிகளை அதிகமாக வாட்டியது. வைரஸை நீக்கிய பூஞ்சைக்கு அந்த வீரியம் இல்லை. உடனே அவர்கள் இன்னொன்றும் செய்துபார்த்தார்கள். நோயில் கிடந்த எலிகளுக்கு வைரஸைக் கட்டுப்படுத்துகிற மருந்தைக் கொடுத்தார்கள். பூசணத்துக்கு இல்லை, பூசணத்துக்குப் பிடித்திருந்த காய்ச்சலுக்கு மருந்து! அதிலேயே எலிகள் முன்னைவிட அதிகம் பிழைத்தன.